வெடித்த கைக்கு எண்ணெய் எப்போது?



திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் பெயர். அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மரு, கட்டி, தோல் உபாதை எல்லாம் வெல்லத்தோடு சேர்ந்து கரையட்டும் என்பது வேண்டுதல். அந்தப் படிக்கட்டில் நீளுகிற கைகளைக் கொஞ்சம் கவனித்தால், இந்த மாவட்டம் என்னென்ன தொழில் செய்கிறது என்று சொல்லிவிடலாம். உள்ளங்கை ரேகைக்குள் கறுப்பு ஏறி, எந்த சோப்புக்கும் போகாமல் நின்றிருந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெஷின் வேலை. விரல் இடுக்கு வெளுத்து, நகத்தோரம் அரித்திருந்தால் கலவை எடுத்துக் கொடுக்கிற சித்தாள். இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்று நுனி மட்டும் பிளந்திருந்தால் அது சமையலறைக் கை. அநேகமாகப் பூண்டு உரிக்கிற கை. வலது கையில் கத்தி இருக்கும். பூண்டைப் பிடித்திருக்கிற இடது கைதான் அதன் காரத்தை வாங்கிக்கொள்ளும். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிற இருளர் பெண்களின் விரல்களில் உப்பும் கிளிஞ்சல் கீறலும் சேர்ந்தே இருக்கும்.

கை வறண்டு வெடிப்பதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைக்குப் பேச்சு. இதைப் பற்றி வருகிற குறிப்புகளில் பாதி குளிர்நாட்டில் எழுதியவை. பனி பெய்கிறது, வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, காற்று காய்கிறது, கை வெடிக்கிறது என்று போகும். நமக்கும் மார்கழி, தையில் உதடு வெடிக்கும், முழங்கை வெள்ளை பூக்கும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொன்னேரியிலும் கவரைப்பேட்டையிலும் சித்திரை வெயிலிலேயே உள்ளங்கை பிளந்து நிற்கிறதே, அதற்கு வானிலை மேல் பழி போட முடியாது. நம் ஊரில் கையை வெடிக்க வைப்பது பெரும்பாலும் வேலை. தண்ணீர், சோப்பு, சிமெண்ட், தின்னர், உலைச் சூடு.

தண்ணீர் எப்படித் தோலைக் காய வைக்கும் என்று கேட்கலாம். தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. செத்த செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே பூசியிருக்கிற கொழுப்புதான் கலவை. அந்தக் கொழுப்பு இருக்கிறவரை உள்ளே இருக்கிற ஈரம் வெளியே ஓடாது, வெளியே இருக்கிற விஷம் உள்ளே ஏறாது. தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் செங்கல் உப்புகிறது, கலவை நெகிழ்கிறது. சோப்பு வந்தால் அந்தக் கொழுப்பைக் கழுவிக்கொண்டே போய்விடுகிறது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். கை காய்ந்த பிறகு உள்ளே இருந்த ஈரமும் சேர்ந்து ஆவியாகிவிடும். அதனால்தான் நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கிற கை, தண்ணீர் காணாத கையைவிட மோசமாக வறளுகிறது.

ஜெர்மனியில் ஒருவர் கை நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் ஈரத்தில் இருந்தால் அதை 'ஈர வேலை' என்று தனி ஆபத்தாகவே கணக்கில் எடுக்கிறார்கள். ரப்பர் கையுறைக்குள் வியர்த்துப் புழுங்குகிற நேரத்தையும் நெடுங்காலம் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். நம் வீடுகளில் காலை பாத்திரத்தில் தொடங்கி இரவு அடுப்பு மேடை துடைப்பதுவரை ஒரு பெண்ணின் கை எத்தனை மணி நேரம் நனைகிறது என்று கூட்டிப் பாருங்கள். அதை யாரும் வேலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, பிறகல்லவா ஆபத்துக் கணக்கு!

இன்னொரு செய்தி. முகத்தில், தலையில், முதுகில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை கிடையவே கிடையாது. வியர்வைச் சுரப்பிதான் ஏராளம். முகத்தைக் கழுவினால் கொஞ்ச நேரத்தில் தானாக எண்ணெய் வழியும். கையைக் கழுவினால் போன எண்ணெய் போனதுதான். நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பித்தத்தால் வெடிக்கிறது, சூட்டால் வெடிக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். இந்தச் சுரப்பி இல்லாத சங்கதி அதைவிட எளிதான விளக்கம்.

சரி, என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா? இதற்காகக் குடும்பத்துக்குள் சண்டையே நடக்கும். என் கட்சி: எந்த எண்ணெய் என்பதைவிட எப்போது என்பதுதான் முக்கியம். நம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் முதலில் எண்ணெய் தேய்ப்போம், பிறகு சீயக்காய் போட்டுக் கழுவுவோம். வெடித்த கைக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, அதாவது இரண்டு மூன்று நிமிடத்துக்குள், எண்ணெயைத் தடவிவிட வேண்டும். எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுக்காது. இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் மூடி வைக்கும். காய்ந்து சுருங்கிய கையில் எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் அது வறட்சியை மூடி வைக்கிறதே தவிர வேறொன்றும் செய்வதில்லை.

இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் தருவது ஒரு பெரிய வைத்தியப் பாடம். அது இங்கிருந்து அதிக தூரமில்லாத வேலூரில் நடந்தது.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கும். நரம்பு போனால் உணர்ச்சி போகும், கூடவே வியர்வையும் நின்றுவிடும். உள்ளங்கைக்கு எண்ணெய்ச் சுரப்பிதான் இல்லையே, வியர்வையும் நின்றால் என்ன ஆகும்? தோல் காய்ந்து, தடித்து, மடிப்பு விழுகிற இடமெல்லாம் பிளக்கும். வலி தெரியாததால் பிளந்த கையோடு வேலை செய்வார்கள். வெடிப்புக்குள் அழுக்கு போகும், சீழ் வைக்கும், எலும்புவரை போகும். விரல் குட்டையாவதைப் பார்த்துத்தான் ஊர் பயந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்து சேர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார், அது உலகப் புகழ் பெற்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் கண்டு சொன்ன விஷயம்: விரல்கள் கிருமியால் நேரடியாக உதிர்வதில்லை, வலி தெரியாமல் பட்ட காயங்களால்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகின்றன. அப்படியானால் தினம் கையைப் பார்த்துப் பராமரித்தால் காப்பாற்றலாம் என்று ஆகிறது.

அந்தப் பராமரிப்பு என்ன தெரியுமா? ஒரு பேசினில் சாதாரணத் தண்ணீர். அதில் கையை, காலை சுமார் 20 நிமிடம் ஊற வைப்பது. தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுப்பது. சொட்டுகிற தண்ணீரை மட்டும் வழித்துவிட்டு, ஈரத்தின் மேலேயே எண்ணெயோ வாஸ்லினோ தடவுவது. அவ்வளவுதான். வேலூர் கரிகிரியிலும் செங்கல்பட்டு திருமணியிலும் தொழுநோய்க்கென்றே பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. இன்றைக்கும் உலகம் முழுவதும் தொழுநோய் ஊழியர்கள் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் இந்த ஊறவைத்தலும் எண்ணெய் தடவலும்தான். நரம்பே போன கைக்கு இது பலன் தருகிறது என்றால், நரம்பு நன்றாக இருக்கிற நம் கைக்குத் தராமல் போகுமா?

வீட்டில் செய்வதற்கு ராத்திரி படுக்கப் போகும் நேரம் நல்லது. வெந்நீர் வேண்டாம், சுடுதண்ணீர் இன்னும் கொழுப்பைக் கரைக்கும். வெதுவெதுப்பாகவோ பச்சைத் தண்ணீராகவோ பத்து நிமிடம் போதும். எண்ணெய் தடவியதும் பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு தூங்குங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பகலில் எண்ணெய்க் கையோடு மெஷினைத் தொடாதீர்கள். பிடி வழுக்கும், அது வேறு ஆபத்து.

இனி எண்ணெய்ச் சண்டைக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் பற்றி பிலிப்பைன்ஸில் ஒரு சோதனை செய்து 2004-இல் வெளியிட்டார்கள். வறண்ட தோல் உள்ள 34 பேர். பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்கு மினரல் ஆயில். இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. சூரியகாந்தி எண்ணெயும் தோலுக்கு இதமானது. ஆலிவ் எண்ணெய்தான் உசத்தி என்று காசு கொட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: இங்கிலாந்தில் 2013-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தோலின் தடுப்பைப் பலவீனமாக்குகிறது என்றும் சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்றும் கண்டார்கள். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்களில் வேலை செய்கிற பீகார், ஒடிசா, வங்காளத் தம்பிகளின் அறைகளில் கடுகு எண்ணெய் பாட்டில் இருக்கும். ஊர் வாசனை, விட மனம் வராது. ஆனால் அதில் காரம் உண்டு. வெடிப்பு வாயில் பட்டால் எரியும். எலிகளில் சோதித்தபோது கடுகு எண்ணெய் தோல் ஆறுவதைத் தாமதப்படுத்தியது. சமையலுக்கு வைத்துக்கொண்டு, வெடித்த கைக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொள்ளட்டும். நல்லெண்ணெய் தாராளமாகப் போடலாம். விளக்கெண்ணெய் கெட்டியானது, தங்கி நிற்கும், ராத்திரிக்குத் தோது.

எண்ணெயைவிட நன்றாக மூடி வைப்பது வாஸ்லின். அதன் பிறப்பே தொழிலாளி கையில்தான். 1859-இல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். துளையிடுகிற கம்பியில் ஒட்டிக்கொள்கிற பிசுபிசுப்பான மெழுகு ஒன்றைத் தொழிலாளர்கள் சனியன் என்று திட்டிக்கொண்டே வழித்துப் போட்டார்கள். கையில் வெட்டோ சூடோ பட்டால் அதையே எடுத்துத் தடவிக்கொண்டார்கள். அதைச் சுத்தம் செய்து 1872-இல் காப்புரிமை வாங்கியதுதான் வாஸ்லின். நம் பாட்டிகள் மெழுகுவர்த்தியை உருக்கி விளக்கெண்ணெயில் கலந்து பித்தவெடிப்புக்குப் போட்டார்களே, அந்த மெழுகும் இதே பெட்ரோலியக் குடும்பம்தான். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கிடைத்தால் ஒரு பங்கு மெழுகுக்கு நாலு பங்கு நல்லெண்ணெய் சேர்த்து, கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிடுங்கள். கடைக் களிம்புக்குக் குறைந்ததில்லை. சோற்றுக் கற்றாழை குளிர்ச்சிதான். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும், மேலே எண்ணெய் தடவினால்தான் நிற்கும். வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை மட்டும் நன்றாகக் கழுவிவிடுங்கள், அது அரிக்கும்.

செய்யக் கூடாதவை சில உண்டு, அவற்றில் முதலிடம் எலுமிச்சைக்கு. எலுமிச்சம் பழத்தில் சர்க்கரை தொட்டுக் கையைத் தேய்த்தால் மெத்தென்று ஆகும் என்று யார் சொன்னார்களோ தெரியாது, வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. வெடித்த தோலில் புளிப்பைத் தேய்த்தால் எரிச்சல்தான் மிச்சம். அந்தச் சாறு பட்ட கையோடு வெயிலில் போனால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பி, பிறகு கரும்படையாக மாதக் கணக்கில் நிற்கும். மஞ்சளும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

பட்டறைகளில் கிரீஸ் போவதற்கு மண்ணெண்ணெய், தின்னர், இல்லையென்றால் துணி துவைக்கிற பவுடரோடு மரத்தூள். அழுக்கு போகும், கூடவே தோலின் கொழுப்பும் சுத்தமாகப் போய்விடும். கிரீஸும் ஒரு எண்ணெய்தானே. எண்ணெயை எண்ணெய்தான் இளக்கும். ஷிப்ட் முடிந்ததும் கொஞ்சம் சமையல் எண்ணெயைக் கையில் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுப் பாருங்கள். அரைச் சோப்பில் வேலை முடியும்.

சிமெண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாவட்டம் முழுக்கக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, கொத்தனார் கையைப் பற்றிப் பேச ஆளில்லை. தண்ணீர் பட்ட சிமெண்டின் பி.எச். 12-க்கும் மேல். அது வெறும் வறட்சி தராது, தோலைச் சுடும். அதோடு சிமெண்டில் குரோமியம் என்ற உலோகம் ஒரு மோசமான வடிவத்தில் நுண்ணளவு கலந்திருக்கிறது. வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒருநாள் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளும். அன்றிலிருந்து கொஞ்சம் பட்டாலும் கை அரித்து, நீர் வடிந்து, தடித்து வெடிக்கும். இருபது வருடமாக இதே சிமெண்டைத்தானே தொடுகிறேன், இப்போது மட்டும் என்ன என்று மேஸ்திரிகள் கேட்பார்கள். ஒவ்வாமை அப்படித்தான் வரும், வந்தால் லேசில் போகாது. டென்மார்க்கில் 1980-களிலேயே சிமெண்டில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து அந்தக் குரோமியத்தைத் தீங்கற்ற வடிவத்துக்கு மாற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு சட்டமே 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கெல்லாம் கொத்தனார்களின் கை நோய் குறைந்தது. ஆக, இது தலைவிதி இல்லை, மூட்டை கட்டுகிற இடத்திலேயே திருத்தக் கூடியது.

அது நடக்கிறவரை கையுறைதான். துணிக் கையுறை கலவைக்கு ஆகாது. சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாளெல்லாம் தோலில் ஒத்தடம் கொடுக்கும். ரப்பர் கையுறை, உள்ளே மெல்லிய காட்டன் உறை. உள்ளே கலவை புகுந்துவிட்டால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் கழுவுவது போதாது. பெண் சித்தாளுக்குப் பெரிய சைஸ் கையுறையைக் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று கணக்கு எழுதுகிற கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள்.

எண்ணெய்க்குக் கட்டுப்படாத வெடிப்பும் உண்டு. ஒரு உள்ளங்கை மட்டும் வறண்டு, மாவு பூத்து, இரண்டு பாதத்திலும் அதே மாதிரி இருந்தால் அது படர்தாமரைக் குடும்பத்துப் பூஞ்சையாக இருக்கலாம். விளிம்பு தெளிவாகத் தெரிகிற தடித்த செதில் என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். வெடித்த இடத்தில் வலியே இல்லை, மரத்துப் போயிருக்கிறது, உடம்பில் உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமலும் இருக்கிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். தொழுநோய்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். இரண்டு வாரம் ஒழுங்காக எண்ணெய் போட்டும் ஆறாதது, சீழ் வைத்தது, சர்க்கரைக்காரர் கை, இவையெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை.

மருந்துக் கடையில் போய், கை அரிக்குதுண்ணே, ஒரு ட்யூப் கொடுங்க என்று கேட்டு வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த ட்யூபில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரட்டிப்பாக வரும், தோல் மெலியும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. கடை மேசையில் அந்தப் பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு என்பது உங்களுக்கே தெரியும்.

டாக்டரிடம் போனால் கையை நீட்டுவதற்கு முன்னால் என்ன வேலை என்பதைச் சொல்லுங்கள். பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-இல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு, நீ என்ன வேலை செய்கிறாய் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார். கூட்டம் நெரிகிற புறநோயாளிப் பிரிவில் அந்தக் கேள்விக்கு நேரம் இருப்பதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கூலன்ட்டில் கை வைக்கிறேன், பூச்சு வேலை, நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறேன் என்று. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அங்கேயும் இதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். ரசாயனம் பட்டு வருகிற தோல் அழற்சியையும் குரோமியப் புண்ணையும் 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டமே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் வைத்தது. கை கழுவ வசதி செய்து தருவதும் முதலாளியின் சட்டக் கடமை. வேலை மாற்றம் கேட்கும்போது டாக்டர் எழுதிய அந்த ஒரு வரி பேசும்.

கடைசியாக ஒன்று, பலர் கவனிக்காதது: மோதிரம். கல்யாண மோதிரமோ ராசிக்கல்லோ செம்பு வளையமோ, அதன் அடியில் சோப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும், எவ்வளவு அலசினாலும் முழுதாகப் போகாது. கை அழற்சி பலருக்கு அந்த வளையத்துக்கு அடியில்தான் தொடங்குகிறது. வேலைக்குப் போகும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிடுங்கள். மெஷினில் நிற்கிறவர்கள் விரலுக்கும் அதுதான் பத்திரம். கழற்ற வராத அளவுக்கு இறுகியிருந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள், வந்துவிடும்.